கிஃப்ட் திலேப்பியா வளர்ப்பு: கொங்கு விவசாயிகளுக்கு லாபமா, ரிஸ்க்கா? விரலி வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சொட்டுநீர்ப் பாசனத்துக்காக வெட்டிய பண்ணைக்குட்டைகள் நிறைய இருக்கின்றன. தென்னைக்குப் போகும் முன் அந்தத் தண்ணீரில் மீனும் வளர்க்கலாமே என்று யோசிக்கும் விவசாயிகள் காதில் முதலில் விழும் பெயர் கிஃப்ட் திலேப்பியா. மீன் சந்தையில் இதன் பெயர் ஜிலேபி கெண்டை.

ஐந்தாறு மாதத்தில் விற்பனைக்குத் தயாராகிவிடும் மீன் இது. ஆனா, குட்டையில் எந்தக் குஞ்சை விடுகிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கு.

ஜிலேபி இங்கே வந்தது எப்படி?

திலேப்பியாவின் தாயகம் ஆப்பிரிக்கா. மொசாம்பிக் திலேப்பியா என்ற வகை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தமிழ்நாட்டின் குளங்களிலும் அணைகளிலும் விடப்பட்டது. உள்ளூர் மீன்களுக்கு ஆபத்து என்று 1959-லேயே இதைப் பரப்பத் தடை வந்தது. அதற்குள் மீன் பரவிவிட்டது. உடுமலை அருகே அமராவதி அணையில் வலைவீசினால் ஜிலேபிதான் அதிகம் என்ற நிலை உருவானது.

காரணம், இதன் இனப்பெருக்க வேகம். இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடும். ஆணும் பெண்ணும் கலந்து விட்ட குட்டையில் சில மாதங்களில் பொடிமீன் நிறைந்துவிடும். தீவனத்துக்குப் போட்டி வந்து எல்லா மீனும் சின்னதாகவே நின்றுவிடும்.

கிஃப்ட் ரகத்தில் என்ன வித்தியாசம்?

1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில் உருவான ரகம் இது. நைல் திலேப்பியாவில் வேகமாக வளரும் மீன்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். மரபணு மாற்றம் செய்த மீன் என்று பரவும் தகவல் தவறு. இந்தியாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், ஆந்திராவின் மணிகொண்டாவில் இந்த ரகத்தைப் பராமரித்து வருகிறது.

பண்ணைகளுக்கு ஆண் மீன்கள் மட்டுமே தரப்பட வேண்டும். இதற்காகப் பொரிப்பகத்தில் முதல் மூன்று, நான்கு வாரம் மட்டும் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்கப்படுகிறது. மீன் தட்டுக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அது நிறுத்தப்பட்டுவிடும்.

கணக்கு என்ன சொல்லுது?

சுமார் 25 சென்ட், அதாவது 1,000 சதுர மீட்டர் குட்டையை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 3 வீதம் 3,000 விரலிகள் விட்டு, 80% பிழைத்தால் 2,400 மீன். ஒன்று 400 கிராம் என்றால் 960 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரை கிலோ மிதவைத் தீவனம் என்று வைத்தால் 1,440 கிலோ தீவனம் வேண்டும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும்.

இதே குட்டையில் கலப்புக் குஞ்சு விட்டு, மீன் 200 கிராமிலேயே நின்றால்? தீவனச் செலவு குறையாது, கையில் கிடைப்பது 480 கிலோதான். குஞ்சுக்கு மிச்சம் பிடித்த சில ரூபாய் இங்கேதான் பல மடங்காகப் போகிறது.

விதிமுறைகள் எதற்கு?

திலேப்பியா வளர்க்க மீன்வளத்துறை அனுமதி கட்டாயம். வெள்ளம் புகாத இடம், உயரமான கரை, தண்ணீர் வரும் வழியிலும் வெளியேறும் வழியிலும் சல்லடை, பறவைத் தடுப்பு வலை ஆகியவை வேண்டும். இந்த மீன் தப்பிப் பவானியிலோ ஆழியாற்றிலோ கலந்தால் திரும்பப் பிடிக்க முடியாது. கெண்டையும் கெளுத்தியும் நம்பி வலை வீசும் மீனவர்களுக்குத்தான் அந்த நஷ்டம்.

சிக்கல் எங்கெல்லாம் வரும்?

தண்ணீர்: பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் திருமூர்த்தி அணைத் தண்ணீர் நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துத்தான் வரும். வாய்க்காலை மட்டும் நம்பி மீன் விட முடியாது.

குளிர்: மார்கழி, தை மாதங்களில் மீன் தீவனம் எடுப்பது குறையும். வழக்கமான அளவைக் கொட்டினால் தண்ணீர் கெடும்.

கரன்ட்: நெருக்கமாக வளர்க்கும் பயோஃப்ளாக் தொட்டியில் ஏரேட்டர் நின்றால் சில மணி நேரத்தில் மொத்த மீனும் செத்துப்போகலாம். ஜெனரேட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

விலை: சாக்கடை கலந்த குளத்து ஜிலேபியால் இந்த மீனுக்கே சந்தையில் மதிப்பு குறைவு. பண்ணை மீனைக் குட்டைக் கரையிலேயே உயிரோடு விற்றால் வாங்குபவரின் சந்தேகம் தீரும்.

மானியம், பயிற்சி எங்கே?

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40%, பெண்கள் மற்றும் பட்டியல், பழங்குடியினருக்கு 60% மானியம் என்பது விகிதம். ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்த பிறகே செலவில் இறங்குவது நல்லது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் பவானிசாகரிலேயே இருக்கிறது.

விரலி வாங்கும்போது கேட்க வேண்டியவை

• பொரிப்பகத்துக்கு அனுமதி இருக்கிறதா? பில் தருவார்களா?
• ஆண் மீன் எத்தனை சதவீதம்? 5% பெண் கலந்தாலே 3,000-ல் 150 பெண் மீன்.
• விரலி 10 கிராமாவது இருக்கிறதா? எல்லாம் ஒரே அளவா?
• திலேப்பியா லேக் வைரஸ் பரிசோதனை செய்ததா? இந்த நோய் இந்தியாவிலும் கண்டறியப்பட்டுள்ளது.

இதற்கெல்லாம் நேரடியாகப் பதில் சொல்லாத வியாபாரியிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீங்க.