ஊர்தி அடிப்பகுதிக் காப்பு

ஊர்தி அடிப்பகுதிக் காப்பு என்பது காட்டுப்பாதை, மலைப்பாதை, ஆற்றுப்படுகை போன்ற கரடுமுரடான தரைகளில் செல்லும் நான்கு சக்கர ஊர்திகளின் கீழ்ப்புற உறுப்புகளைக் கல், மரக்குற்றி, சேறு, நீர் ஆகியவற்றால் ஏற்படும் சேதத்திலிருந்து பாதுகாக்கும் தகடுகள், சட்டங்கள், பூச்சுகள் ஆகியவற்றின் பொதுப்பெயர் ஆகும். இவற்றுள் முதன்மையானது சறுக்குத் தகடு. பட்டறை வழக்கில் இது ஸ்கிட் பிளேட் எனவும், எண்ணெய்த் தொட்டியை மட்டும் மறைப்பது சம்ப் கார்டு எனவும் அழைக்கப்படும். எண்ணெய்த் தொட்டியைத் தமிழ்நாட்டு இயந்திரப் பணியாளர்கள் பொதுவாகச் சேம்பர் என்பர்.

தமிழ்நாட்டில் இக்காப்பின் தேவையைத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டம் ஆகும். கடலோர உப்புக்காற்று, இரு பருவமழைகள், செம்மண் பாதைகள், பாறை நிறைந்த மலைச்சரிவுகள், இரப்பர்த் தோட்டங்கள் ஆகிய அனைத்தும் இம்மாவட்டத்தில் சில பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்துள்ளன.

வரலாறு

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வில்லிஸ் எம்பி, போர்டு ஜிபிடபிள்யூ ஆகிய ஜீப்புகள் இரண்டும் சேர்ந்து ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டன. இவற்றின் நடுப்பகுதியில், பரிமாற்றப் பெட்டியின் கீழே ஒரு சறுக்குத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. மேட்டின்மீது வண்டியின் நடுப்பகுதி உட்கார்ந்துவிட்டாலும் பற்சக்கரப் பெட்டி உடையாமல் வழுக்கிச் செல்வதே இதன் நோக்கம்.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைத்து விற்கத் தொடங்கியது. அதன்பின் மலைத்தோட்டங்கள், வனத்துறை, மின்வாரியம், பொதுப்பணித்துறை ஆகியவற்றின் அன்றாட ஊர்தியாக ஜீப் மாறியது. மாருதி ஜிப்சி (1985), மகிந்திரா தார் (2010; இரண்டாம் தலைமுறை 2020), மாருதி ஜிம்னி (2023) ஆகியவை பின்னர் வந்த நான்கு சக்கர இயக்க ஊர்திகளுள் சிலவாகும்.

கன்னியாகுமரி மாவட்டச் சூழல்

நாஞ்சில் நாடு என வழங்கும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் வயல்வெளிகளுக்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை எழுகிறது. கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர், மாறாமலை ஆகிய பகுதிகளிலும், கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மலையோரங்களிலும் இரப்பர், கிராம்பு, மிளகு முதலியன பயிரிடப்படுகின்றன. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு இரப்பர்க் கழகம் 1984 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பேச்சிப்பாறை, கோதையாறு மலைப்பகுதிகளில் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன.

இப்பகுதிகளின் உட்பாதைகள் பல தார் இடப்படாதவை. இவை ஊர்தியின் அடிப்பகுதிக்கு ஏற்படுத்தும் இடர்கள் வருமாறு:

* நீரோட்டம் செம்மண்ணை அரித்துச் செல்வதால் பாதையின் நடுவே பாறை முகடுகள் வெளித்தெரியும். சக்கரத்தடங்கள் ஆழமாகும்போது நடுத்திட்டு மேலும் உயர்கிறது.
* தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளிலும் சப்பாத்து எனப்படும் தரைப்பாலங்களின் மேல் நீர் ஓடும். நீருக்கடியில் உருண்டு கிடக்கும் கற்கள் ஓட்டுநருக்குத் தெரியா.
* மரம் விழுந்தபின் அறுக்கப்பட்ட குற்றிகளும் முறிந்த கிளைகளும் பாதையோரம் மிஞ்சுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் மாவட்டம் முழுவதும் பெருமளவு மரங்கள் சாய்ந்தன.
* இரப்பர் மரங்கள் ஏறக்குறைய திசம்பர் முதல் பிப்பிரவரி வரை இலையுதிர்க்கும். உலர்ந்த இலைகள் பாதையை மூடிக் கற்களை மறைக்கின்றன. அவை தீ இடரையும் உண்டாக்குகின்றன.

உள்மலைக் குடியிருப்புகளில் நோயாளியையும் கருவுற்ற பெண்ணையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் வாடகை ஜீப்பே ஆகும். ஒரு கூரிய கல் எண்ணெய்த் தொட்டியை உடைத்தால் அப்பயணம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே இக்காப்பைப் பொழுதுபோக்குப் பயணிகளுக்கான அலங்காரமாக மட்டும் கருத இயலாது.

சேதமடையும் உறுப்புகள்

எண்ணெய்த் தொட்டி: இது அழுத்தி வார்த்த எஃகுத் தகடாகவோ அலுமினிய வார்ப்பாகவோ இருக்கும். அலுமினிய வார்ப்பு அடிபட்டால் வெடிக்கும். எண்ணெய் ஒழுகுவது உடனே தெரியும். எஃகுத் தகடு பள்ளமாகும். அப்பள்ளம் உள்ளே உள்ள எண்ணெய் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்தால், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே எண்ணெய் அழுத்தம் குறைந்து தாங்கிகள் எரிந்துபோகும். எனவே பள்ளம் சிறியதாயினும் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.

வேறுபாட்டுப் பல்லிணைப் பெட்டி: கெட்டி அச்சு கொண்ட ஊர்திகளில் தரைக்கு மிக அருகில் இருக்கும் உறுப்பு பெரும்பாலும் இதுவே. இதன் ஓடு வலுவானது. ஆயினும் மூடியின் விளிம்பு வளைந்தால் எண்ணெய் கசியும்.

தடுப்புக் குழாய்கள்: பென்சிலைவிட மெல்லிய இக்குழாய்கள் அச்சின்மீதும் அடிச்சட்டத்தின் ஓரமாகவும் செல்கின்றன. ஒரு குச்சி சிக்கி இழுத்தாலே இவை அறுபடக்கூடும். மலையிறக்கத்தில் இது உயிருக்கு ஆபத்தானது.

உந்துதண்டு: இக்குழாயில் சிறு நசுங்கல் ஏற்பட்டாலும் சுழற்சிச் சமநிலை கெட்டு, வேகம் கூடும்போது அதிர்வு தோன்றும்.

எரிபொருள் தொட்டி, புகைபோக்கி, அதிர்வு ஏற்பிகளின் கீழ்ப்பிடிப்புகள், இலைவில்லின் யூ வடிவ மரையாணிகள் ஆகியனவும் அடிபடும் உறுப்புகளாகும்.

தரை இடைவெளியும் கோணங்களும்

காப்புத் தகட்டின் தேவை ஊர்தியின் வடிவளவைப் பொறுத்தது. 2020 ஆம் ஆண்டின் தார் ஊர்திக்கு 226 மில்லிமீட்டரும், ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டரும் தரை இடைவெளியாக அவற்றின் உற்பத்தியாளர்களால் குறிப்பிடப்படுகின்றன. இவ்வளவுகள் மிகத் தாழ்ந்த புள்ளியைக் குறிப்பவை. இரு அச்சுகளுக்கு இடையே மேட்டைக் கடக்கும் திறனை முகட்டுக் கோணம் காட்டுகிறது. நீளமான சக்கர இடைவெளி கொண்ட ஊர்தியில் இக்கோணம் குறையும். ஆகவே அத்தகைய ஊர்தியின் நடுப்பகுதிக்குக் கூடுதல் காப்பு தேவை.

வில்சுருள்களை உயர்த்தினால் அடிச்சட்டம் உயரும். ஆனால் கெட்டி அச்சின் நடுவில் உள்ள பல்லிணைப் பெட்டி உயராது. அதை உயர்த்துவது சக்கரத்தின் விட்டமே. விட்டம் 50 மில்லிமீட்டர் கூடினால் அச்சு 25 மில்லிமீட்டர் மட்டும் உயரும்.

காப்பு வகைகள்

* முன்புறச் சறுக்குத் தகடு: முன்தாங்கியின் கீழிருந்து எண்ணெய்த் தொட்டி வரை மூடுவது.
* பரிமாற்றப் பெட்டித் தகடு: நடுப்பகுதியைக் காப்பது.
* பல்லிணைக் காப்பு: அச்சின் நடுப்பெட்டியைக் கீழும் முன்னும் சுற்றி நிற்பது.
* எரிபொருள் தொட்டிக் காப்பு: பின்புறத் தகடு.
* பக்கச் சறுக்குச் சட்டம்: கதவுகளின் கீழே அடிச்சட்டத்துடன் இணையும் தடித்த குழாய். காலடி வைக்கும் மெல்லிய படிச்சட்டம் இதற்கு ஈடாகாது. அது வண்டியின் எடையைத் தாங்காது.
* அடிப்பூச்சு: கல் தெறிப்பையும் துருவையும் தடுக்கும் இரப்பர் அல்லது மெழுகுப் பூச்சு.

பொருட்கள்

மெல்லெஃகு: மலிவானது, எந்த வெல்டிங் பட்டறையிலும் வளைத்துப் பற்றவைக்கலாம், பாறையின்மேல் நன்கு வழுக்கும். எடை மிகுதி, துருப்பிடித்தல் ஆகியன இதன் குறைகள்.

அலுமினியக் கலவை: எடை குறைவு, எளிதில் அரிக்கப்படாது. மென்மையானது ஆதலால் கூரிய பாறையில் பள்ளம் விழுந்து சிக்கிக்கொள்ளும் தன்மை உண்டு.

உயர் மூலக்கூற்றெடைப் பாலித்தீன்: மிகவும் வழுக்கும், எடை மிகக் குறைவு. ஏறக்குறைய 130 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகத் தொடங்குவதால் புகைபோக்கியின் அருகே பொருத்தலாகாது.

1 மீட்டர் நீளமும் 0.8 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தகட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகில் அது சுமார் 25 கிலோகிராம் இருக்கும். 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத்தில் சுமார் 13 கிலோகிராம் இருக்கும். வளைவிறைப்பு, பொருளின் மீட்சிக்குணகத்தையும் தடிப்பின் மும்மடியையும் பெருக்கக் கிடைப்பதற்கு நேர்விகிதத்தில் உள்ளது. எஃகின் மீட்சிக்குணகம் சுமார் 200 கிகாபாசுக்கல், அலுமினியத்திற்கு 70. கணக்கிட்டால் 6 மில்லிமீட்டர் அலுமினியம், 4 மில்லிமீட்டர் எஃகைவிட ஏறக்குறைய 18 விழுக்காடு கூடுதல் விறைப்புடையது எனக் காணலாம். விறைப்பு என்பது வலிமை அன்று. கூர்முனை துளைப்பதைத் தாங்குவதில் எஃகே மேலானது.

வடிவமைப்பு நெறிகள்

1. தகட்டை அடிச்சட்டத்தில் பொருத்த வேண்டும். பொறியிலோ பற்சக்கரப் பெட்டியிலோ பொருத்தினால் அடியின் விசை காக்கப்பட வேண்டிய உறுப்புக்கே செல்லும்.
2. தகட்டிற்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டரேனும் இடைவெளி வேண்டும். பொறி இரப்பர்த் தாங்கிகளின்மேல் ஆடும்; தகடும் அடிபடும்போது மேல்நோக்கி வளையும்.
3. மரையாணித் தலைகள் தகட்டின் பரப்பிற்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். வெளியே நீட்டியவை பாறையில் சிராய்ந்து, பின்னர் கழற்ற முடியாமற் போகும்.
4. தகடுகளை ஓடு வேய்வதுபோல் அடுக்க வேண்டும். முன்தகட்டின் பின்விளிம்பு, அடுத்த தகட்டின் முன்விளிம்பைக் கீழிருந்து மறைக்க வேண்டும். மாறாக அமைத்தால் முன்னோக்கிச் செல்லும்போது கல் விளிம்பில் மாட்டும்.
5. எண்ணெய் வடிப்பதற்கும் சேறு, நீர் வெளியேறுவதற்கும் துளைகள் வேண்டும். விளிம்புகளை மடித்தால் தடிப்பைக் கூட்டாமலே விறைப்பு கூடும்.
6. கதிர்வீச்சுத் தொட்டிக்கும் பொறிக்கும் செல்லும் காற்றோட்டத்தை மறைக்கலாகாது.

துரு

கடற்கரைச் சாலையில் ஓடும் ஊர்தியின் அடியில் உப்பு படிகிறது. மலையில் அதன்மேல் செம்மண் சேறு ஒட்டுகிறது. தகட்டின் மேற்பக்கத்தில் தங்கும் ஈரச்சேறு பல நாட்கள் உலராது. இதனால் நல்ல காப்புத் தகடே, கழுவப்படாவிட்டால், அடிச்சட்டம் துருப்பிடிக்கக் காரணமாகிவிடும். அலுமினியத் தகட்டை எஃகு மரையாணியால் இறுக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படும். இடையே நெகிழி அல்லது இரப்பர் வளையம் இடுவது நல்லது.

துத்தநாகம் செறிந்த அடிவண்ணம், அதன்மேல் இரப்பர்ப் பூச்சு, அடிச்சட்டத்தின் உட்குழிகளுக்கு மெழுகு என்பது பரிந்துரைக்கப்படும் வரிசை ஆகும். துருவின்மேலேயே பூச்சு அடித்தால் துரு உள்ளே தொடரும். மழைக்காலத்திற்கு முன் கழிவு எண்ணெயை அடியில் தெளிப்பது பழைய பட்டறை வழக்கம். இது இரப்பர்ப் புதைகளைக் கெடுக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்குச் செல்லும் ஓடைகளில் எண்ணெய் கலக்கவும் இடமுண்டு. அந்நீர் பாசனத்திற்குப் பயன்படுவது ஆகும்.

தீ

2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி அமைந்த டீசல் ஊர்திகளில் துகள் வடிகட்டி இடம்பெறுகிறது. அது தன்னைத்தானே தூய்மைப்படுத்தும்போது வெப்பம் 600 பாகை செல்சியசு அளவை எட்டும். தகட்டிற்கும் புகைபோக்கிக்கும் இடையே உலர்ந்த இரப்பர் இலை, புல், தென்னஞ்சவரி சேர்ந்தால் தீப்பிடிக்கக்கூடும். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் தகட்டின் உள்ளே பார்த்து அகற்றுவதும், உலர்சருகின்மேல் வண்டியை நிறுத்தாமையும் தேவையானவை.

நீரைக் கடத்தல்

சறுக்குத் தகடு நீரைத் தடுக்காது. ஓடிச் சூடான பல்லிணைப் பெட்டி குளிர்நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ அடைப்பு வளையங்கள் வழியாகவோ நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பால்நிறமாக மாறியிருந்தால் நீர் கலந்துவிட்டது எனப் பொருள். உடனே மாற்ற வேண்டும். மூச்சுக்குழாயை நீட்டி உயரத்தில் பொருத்துவது எளிய தீர்வாகும்.

பாதையில் சேதம் ஏற்பட்டால்

எண்ணெய் அழுத்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் பொறியை உடனே நிறுத்த வேண்டும். சிறு விரிசலைத் துடைத்து உலர்த்தி எப்பாக்சிப் பசையால் அடைக்கலாம். எரிபொருள் தொட்டியின் மிகச்சிறு கசிவைச் சலவைச் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தற்காலிகமாக நிறுத்துவது ஓட்டுநர்களிடையே உள்ள வழக்கம். தடுப்புக் குழாய் அறுந்த ஊர்தியை இறக்கத்தில் ஓட்டலாகாது. தூக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் நுழைதல் உயிரிழப்புக்குக் காரணமாகலாம். தாங்கு நிலைகளோ உறுதியான மரக்கட்டைகளோ இடப்பட வேண்டும்.

சட்டம்

மோட்டார் ஊர்திகள் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்றும் மாறும் வகையில் ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கிறது. இதனை 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஊர்தியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோதல் சட்டங்களுக்கு எதிராக 2017 திசம்பரில் நடுவண் அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. ஆகவே உற்பத்தியாளர் அங்கீகரித்த காப்புகளைத் தேர்வது பாதுகாப்பானது. காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் வனத்துறையின் இசைவின்றி ஊர்தி ஓட்டுதல் குற்றமாகும்.

குறைபாடுகள்

கூடுதல் எடையால் எரிபொருள் செலவு உயரும், முன்வில்கள் தாழும். தகடு இருப்பதால் ஒழுகல்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறையக்கூடும். காப்பு உள்ளது என்ற துணிவில் வேகமாகச் செல்வதும் சேதத்திற்கு வழிவகுக்கும். கல்லைத் தகட்டின்மேல் ஏற்காமல் சக்கரத்தை அதன்மேல் ஏற்றிக் கடப்பதும், ஐயமான இடத்தில் இறங்கி நடந்து பார்ப்பதும் செலவில்லாத காப்புகள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* நான்கு சக்கர இயக்கம்
* வேறுபாட்டுப் பல்லிணை
* அரிமானம்
* கன்னியாகுமரி மாவட்டம்
* பேச்சிப்பாறை அணை