காய்ச்சலோடு பள்ளிக்குப் போன பிள்ளை

காந்தலில் இருக்கும் என் அக்கா மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன ஆடி மழையில் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, ஒருநாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. அக்கா காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, ஸ்வெட்டரை மாட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டாள்.

"ஏன்க்கா, இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டா என்ன?" என்றேன்.

"கேரட் தோட்டத்துக்கு நான் போகலைன்னா கூலி போச்சுடா தம்பி. வீட்டுல இவள யாரு பாத்துக்குவா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் அந்த வகுப்பில் பல பெஞ்சுகள் காலி. பள்ளியில் ஃபுளூ பரவாமல் தடுக்க இதற்கு முன்னால் யார் என்னதான் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

தேடல் முதலில் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது. குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் என்றால் நமக்கெல்லாம் நாய்க்கடி ஊசிதான் ஞாபகம் வரும். 1907-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 1950-ல் இந்தியாவுக்கான இன்ஃபுளூயன்சா மையமும் அமைந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலோடு 'ஆசிய ஃபுளூ' இந்தியாவுக்குள் நுழைந்தபோது, கிருமியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது குன்னூர்தான். அங்கே பணியாற்றிய மேனன், 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முழுக் கதையையும் எழுதினார். 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44,51,785 பேர், இறந்தவர்கள் 1,098 பேர். பதிவாகாமல் போனவர்கள் எத்தனையோ!

அந்த ஆண்டு உலகம் முழுக்க அதிகம் படுத்தது பள்ளிப் பிள்ளைகள்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த பிறகுதான் நோய் வேகமெடுத்தது. காரணம் எளிது. பிள்ளைகளுக்கு முன்னனுபவ எதிர்ப்புச் சக்தி குறைவு, பெரியவர்களைவிட அதிக நாள் கிருமியை வெளியேற்றுவார்கள், ஒட்டி உட்காருவார்கள். போதாததற்கு நம்ம ஊர்க் குளிரில் ஜன்னலை எல்லாம் சாத்திவிடுகிறோம்.

அப்படியானால் பள்ளியை மூடிவிட்டால் போதுமா? 1918-ல் அமெரிக்காவின் பல நகரங்கள் அதைத்தான் செய்தன. நியூயார்க் மூடவில்லை. அங்கே சுமார் 10 லட்சம் மாணவர்கள், அதில் முக்கால்வாசிப் பேர் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். வீட்டைவிடப் பள்ளி சுத்தம், காற்றோட்டமும் உண்டு என்பது சுகாதார ஆணையர் கோப்லாண்டின் வாதம். பிள்ளைகள் வாசலில் கூட்டம் போடாமல் நேரே வகுப்புக்குப் போக வேண்டும். ஆசிரியர் தினமும் பார்ப்பார். அறிகுறி தெரிந்தால் தனியே பிரித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். நியூயார்க்கின் இறப்பு விகிதம் பாஸ்டன், பிலடெல்பியாவைவிடக் குறைவாகவே இருந்தது. அதற்குப் பள்ளி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், திறந்து வைத்ததால் ஊர் அழிந்துவிடவில்லை.

இதே விவாதம் சமீபத்தில் நம் பக்கமும் வந்தது. 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரை விடுமுறை விட்டது. தமிழக அரசு பள்ளிகளை மூடாமல் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. எது சரி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. நம் பள்ளிகள் மூடினால் பாடம் மட்டுமா நிற்கிறது? மதியச் சத்துணவும் முட்டையும் சேர்ந்தே நிற்கும்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். 'மூடுவதா, திறப்பதா' என்று நாம் சண்டை போடும் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: காய்ச்சல் வந்த பிள்ளை வீட்டில் இருக்க முடிகிறதா? நியூயார்க் திட்டத்தின் அச்சாணியே பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதுதான். வீட்டில் ஆள் இருந்தால்தானே அது நடக்கும்! மருந்து தராமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். தினக்கூலி வீட்டில் அந்த இரண்டு மூன்று நாளுக்கு விலை உண்டு. அதோடு 'ஒருநாள்கூட லீவு போடாத மாணவர்' என்று மேடையில் பரிசு வேறு கொடுக்கிறோம்.

ஜன்னலில் ஒரு பக்கத்தையாவது திறந்து வைக்கலாம். அந்தப் பரிசை நிறுத்தலாம். விடுபட்ட பாடத்தைத் திட்டாமல் சொல்லித் தரலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத்தான் வழி தேட வேண்டும்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "எல்லாம் சரிடா, அடுத்த தடவை காய்ச்சல் வந்தா நீ வந்து பாத்துக்கிறியா?" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.