சாணைக்கல்லுக்கு விடை கொடுத்த பிளேடு

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒருவர் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ள மூன்று பொருட்கள் வேண்டும். மடக்குக் கத்தி, தோல்வார், சாணைக்கல்.

சவரத்துக்கு முன் கத்தியைத் தோல்வாரில் தீட்ட வேண்டும். கத்தியின் முதுகு முன்னே போக, கூர்முனை பின்னால் வரும். மாற்றிச் செய்தால் வார் அறுபடும்! இதனால் புதிதாகக் கூர் உண்டாவதில்லை, வளைந்த விளிம்பு நேராகும், அவ்வளவுதான். நன்றாக மழுங்கிவிட்டால் சாணைக்கல்தான் கதி. கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகும் விளிம்பும் ஒருசேரப் படும்படி, இம்முறை கூர்முனை முன்னே போகுமாறு தேய்க்க வேண்டும். கை பழகாதவர்கள் நாவிதரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கினார்கள்.

இந்தத் தொல்லையில்தான் ஒரு வியாபாரம் பிறந்தது.

கிங் கேம்ப் ஜில்லெட், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியின் விற்பனையாளர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மக்கள் மீண்டும் வாங்கும் பொருளாகப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னார். 1895-ல் தன் மழுங்கிய கத்தியைப் பார்த்தபோது ஜில்லெட்டுக்கு மெல்லிய பிளேடு யோசனை வந்தது. அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர்தீட்டும் வழியை உருவாக்கியவர் வில்லியம் நிக்கர்சன். 1901-ல் கம்பெனி தொடங்கியது. 1903-ல் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு! 1904-ல் காப்புரிமை கிடைத்தது. தீட்டவே வேண்டாம் என்பதுதான் விளம்பரங்களின் சாரம். 1918-ல் அமெரிக்க ராணுவம் வீரர்களுக்காக லட்சக்கணக்கில் வாங்கியது.

வணிகவியல் வகுப்புகளில் ஒரு கதை சொல்வார்கள். ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் லாபம் பார்த்தவர் ஜில்லெட் என்று. ஆனால் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-ல் இதை மறுத்தார். காப்புரிமை இருந்தவரை ரேசரின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளியின் வாரக்கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! காப்புரிமை முடிந்த 1921-ல்தான், போட்டியாளர்களைச் சமாளிக்க, பழைய மாதிரியை 1 டாலருக்கு இறக்கினார்கள்.

அப்படியென்றால் 5 டாலர் கொடுத்து மக்கள் வாங்கியது எதை? கைப்பிடியை அல்ல. சாணைக்கல்லிடமிருந்து விடுதலையை! வாடிக்கையாளரின் தொல்லை எவ்வளவு பெரியதோ, அதைத் தீர்க்கும் பொருளுக்கு அவ்வளவு விலை. மலிவு விலை பிறகு வந்தது, போட்டி வந்ததால்.