திரைப்பட விழாவில் நம் படத்தை முதலில் பார்ப்பவர்கள் யார்?

2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ முதலில் ‘சிறந்த படம்’ பிரிவில் சேர்க்கப்படவில்லை. படத்தில் தேசிய மொழி போதிய அளவு இல்லை என்பதால், பிறமொழிப் படங்களுக்கான தனிப் பிரிவில் வைக்கப்பட்டது. மலாய்த் திரைக்கலைஞர்கள் உட்பட பலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன் பிறகு ஏற்பாட்டாளர்கள் எல்லா மொழிப் படங்களுக்கும் அந்தப் பிரிவைத் திறந்துவிட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஓர் இந்தியக் குடும்பத்துச் சிறுவனின் கதையே அவ்வாண்டின் சிறந்த மலேசியப் படமாக அறிவிக்கப்பட்டது. சஞ்சய் குமாருக்குச் சிறந்த புதுமுக இயக்குநர் விருதும் கிடைத்தது.

பிரிவு மாறியதற்கு முன்னும் பின்னும் படம் ஒன்றுதான். மாறியது விதி மட்டுமே. எனவே விழாக்களில் படத்தைப் பார்ப்பவர்கள் யார், எந்த விதிக்குள் நின்று பார்க்கிறார்கள் என்பதை, படம் எடுக்கும் நம் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணைநிற்கும் பெற்றோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் படி: தேர்வுக் குழு

ஒரு விழாவுக்கு வரும் படங்கள் நேராக நடுவர்களிடம் போவதில்லை. முதலில் பார்ப்பது தேர்வுக் குழு. திரை விமர்சகர், படத்தொகுப்பாளர், திரைக்கல்வி ஆசிரியர், சிறு இயக்குநர், கலை அரங்கு நடத்துபவர் என்று பலதரப்பட்டவர்கள் இதில் இருப்பார்கள். பெரும்பாலும் வீட்டில் கணினித் திரையில் பார்த்து, மதிப்பெண்ணும் சிறு குறிப்பும் எழுதி அனுப்புவார்கள். சில விழாக்களில் ஒரு படத்தை இருவரோ மூவரோ பார்ப்பதுண்டு. அவர்களின் குறிப்புகளை வைத்து, நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் இறுதிப் பட்டியலை முடிவு செய்வார்கள்.

கான் விழாவுக்கு ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் வருகின்றன. முதன்மைப் போட்டியில் இடம் பெறுபவை 20 அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே ‘தேர்வாகவில்லை’ என்ற பதிலுக்கு ‘படம் மோசம்’ என்று பொருளில்லை. அதே கருவில் இன்னொரு படம் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கலாம். படத்தின் நீளம் நிகழ்ச்சி அட்டவணைக்குள் அடங்காமல் போயிருக்கலாம்.

இந்த முறையும் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1972 வரை கான் விழாவுக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்பதை அந்தந்த நாடுகளே முடிவு செய்தன. அரசுக்குப் பிடிக்காத படம் வெளியே போவது கடினம். விழாவே படங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகுதான் இயக்குநர் நேராகக் கதவைத் தட்ட முடிந்தது.

இரண்டாம் படி: நடுவர் குழு

தேர்வான படங்களுக்குள் பரிசு யாருக்கு என்று முடிவு செய்பவர்கள் நடுவர்கள். இயக்குநர், நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர் எனப் பல துறையினர் இருப்பார்கள். ஒருவர் தலைவராக இருப்பார். அவர்கள் படங்களைப் பெரிய திரையில் பார்ப்பார்கள். மூடிய அறையில் பேசுவார்கள். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. போட்டியில் உள்ள படத்தில் வேலை செய்தவர் அந்தக் குழுவில் உட்கார மாட்டார்.

நடுவர்களும் மனிதர்கள்தாம். 1970-இல் பெர்லின் விழாவில் மிக்கேல் வெர்ஹோவனின் ‘ஓ.கே.’ என்ற ஜெர்மன் படம் போட்டியில் இருந்தது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமையைச் சொன்ன படம் அது. நடுவர் குழுத் தலைவராக இருந்த அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அதை எதிர்த்தார். குழு இரண்டுபட்டது, கடைசியில் கலைந்தே போனது. அவ்வாண்டு போட்டிப் பரிசுகள் எதுவும் வழங்கப்படவில்லை. மறு ஆண்டே, புதிய முயற்சிகளுக்கு இடம் தரும் ‘ஃபோரம்’ என்ற பிரிவு பெர்லினில் தொடங்கியது. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அந்தப் பிரிவில்தான்.

பெரிய நடுவர் குழுவைத் தவிர, தனிக் குழுக்களும் உண்டு. விமர்சகர்களின் அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபிப்ரெஸ்கி பல விழாக்களில் தன் நடுவர்களை வைத்துப் பரிசு தருகிறது. ஆசியப் படங்களுக்காக நெட்பேக் அமைப்பு அவ்வாறே செய்கிறது. ஒரு குழு கவனிக்காத படத்தை இன்னொரு குழு கைதூக்கிவிடுவது விழாக்களில் வழக்கம்.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா 1987-இல் தொடங்கியது. 1991-இல் அது வெள்ளித்திரை விருதுகளை ஏற்படுத்தியது. தொண்ணூறுகளில் அங்கு தம் குறும்படங்களுக்காகத் தொடர்ந்து மூன்று முறை நடுவர்களின் சிறப்புப் பரிசு பெற்றவர் சிங்கப்பூர் இயக்குநர் கே.ராஜகோபால். அவருடைய முதல் முழுநீளப் படமான ‘எ யெல்லோ பெர்ட்’ 2016-இல் கான் நகரின் விமர்சகர் வாரத்தில் இடம் பெற்றது. சிறையிலிருந்து வெளிவரும் ஓர் இந்தியரின் கதை அது. குறும்படத்திலிருந்து அந்த இடத்துக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

விமர்சகர் வாரம், இயக்குநர்களின் முதல், இரண்டாம் படங்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும் பிரிவு. 2023-இல் மலேசிய இயக்குநர் அமண்டா நெல் இயூவின் ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ அங்கே முதன்மைப் பரிசு பெற்றது. வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது. அதுவும் புதியவர்களுக்கென்றே உள்ள போட்டி. பெயர் தெரியாதவரின் படத்தைப் பார்ப்பதற்கென்றே உலகில் ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை இவை காட்டுகின்றன.

அனுப்புவதற்கு முன்

விதிகளை முழுமையாகப் படியுங்கள். நீளம், மொழி, படம் முடிந்த ஆண்டு, இயக்குநரின் எத்தனையாவது படம் என்பவை எல்லாம் அதில் இருக்கும். சில விழாக்கள் வேறெங்கும் திரையிடாத படத்தைத்தான் ஏற்கும். உறவினர் பார்க்கட்டும் என்று யூடியூப்பில் ஏற்றிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடலாம்.

வசன மொழிபெயர்ப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். தேர்வுக் குழுவில் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பி அனுப்ப முடியாது. லயம், கங்காணி, ஆயாக்கொட்டகை என்ற சொற்கள் நமக்கு ஒரு வாழ்க்கையையே நினைவுபடுத்தும். வெளியாருக்கு அவை வெறும் ஓசை. நம் பேச்சும் ஆங்கிலமும் இரண்டும் நன்கு தெரிந்த ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

முதல் சில நிமிடங்களைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒரே நாளில் பல படங்களைப் பார்க்கும் ஒருவர் முன் உங்கள் படம் ஓடப்போகிறது. நீண்ட பெயர்ப் பட்டியலும் நன்றி அறிவிப்பும் கடைசியில் வரட்டும்.

பணம் கட்டுமுன் விசாரியுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்குவது தவறல்ல. நல்ல விழாக்களும் வாங்குகின்றன. ஆனால் மாதந்தோறும் விருது அறிவித்து, அரங்கில் படமே திரையிடாமல், சான்றிதழுக்கும் கோப்பைக்கும் தனித்தனியாகக் காசு கேட்கும் ‘விழாக்களும்’ உள்ளன. நடுவர்களின் பெயர்கள் வெளியிடப்பட்டுள்ளனவா, சென்ற ஆண்டு எந்த அரங்கில் திரையிட்டார்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை இல்லையென்றால் விலகி நிற்பதே நல்லது.

தேர்வுக் குழு வேறு, தணிக்கை வாரியம் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ கானில் பரிசு வாங்கிய பிறகும், இங்கு வெட்டுகளோடுதான் வெளியானது. அந்த வடிவம் தம்முடையதல்ல என்று இயக்குநரே அறிவித்தார்.

தேர்வாகாத படத்தை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். அடுத்த விழாவின் தேர்வுக் குழுவில் வேறு மனிதர்கள் இருப்பார்கள். விதி நியாயமற்றது என்று தோன்றினால் அதையும் கேளுங்கள். ‘ஜகாட்’ விவகாரத்தில் பலர் கேட்டதால்தான் அந்த விதி மாறியது.