சாவைக் கேட்பவரும் வைத்தியரும்

"கடவுளே, என்னைக் கெதியா எடுத்துக்கொள்" எண்டு பாயில கிடந்தபடி வயசானவர்கள் சொல்லுறதை ஜெயபுரத்தில் எங்களில் பலர் கேட்டிருப்போம். அதையே ஒருவர் வைத்தியரிடம் கேட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்?

நெதர்லாந்து 2002இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. தாங்க முடியாத வேதனையில் இருப்பவர் தானாகக் கேட்டால், நிபந்தனைகளோடு வைத்தியர் உதவலாம்.

இந்தியாவில் இந்தக் கேள்வி அருணா ஷான்பாக்கின் கட்டிலருகே எழுந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைத் தாதியான அவர், 1973இல் அங்கு வேலை செய்த ஒருவனால் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டு 42 வருசம் படுக்கையில் கிடந்தார். அவரைச் சாக விடுமாறு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். பராமரித்த தாதியர் மறுத்தார்கள். 2011இல் நீதிமன்றம் தாதியரின் பக்கம் நின்றது. ஆனாலும் மீளவே முடியாத நோயாளிக்கு, உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்றது. 2018இல், "எனக்கு அந்த நிலை வந்தால் சிகிச்சை வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வைப்பதையும் ஏற்றது. ஊசி போட்டு உயிரை முடிப்பது அங்கே இன்றும் குற்றம்தான். இலங்கையிலும் தற்கொலைக்கு உதவுவது குற்றம்.

ஆனால் சிகிச்சையை நிறுத்தலாமா என்பது சிகிச்சை இருக்கிற இடத்துக் கேள்வி. 2009இல் வன்னியில் அது இருக்கவில்லை. பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை செல் வீச்சுக்கு உள்ளானது. பிறகு புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று தற்காலிக வைத்தியசாலைகள் நகர்ந்தன. போதிய மயக்கமருந்து இல்லாமல் கை, கால்களை அகற்ற நேர்ந்ததை 2011இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்தது. அங்கே யாரும் சாவைத் தெரிவு செய்யவில்லை. மருந்து இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களும் செத்தார்கள். சாக விடுவதும் காப்பாற்ற வழியில்லாமல் நிற்பதும் வெளியில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றில் நோயாளியின் விருப்பம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

அதனால் எனக்கு இந்த விவாதத்தில் ஒரு வரிசை முக்கியம். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் புனித கிறிஸ்டோபர் நோயாளர் இல்லத்தைத் தொடங்கியதும் இதற்குத்தான். சாகப்போகிறவரின் நோவைத் தணிப்பதும் வைத்தியம்தான் என்று அவர் காட்டினார். நோ தணிந்த பிறகும் ஒருவர் சாவைக் கேட்டால், அது அவருடைய முடிவு, அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நோவுக்கு மருந்தே கொடுக்காமல் "சாக விருப்பமா?" எண்டு கேட்கிறது நியாயமில்லை. எங்கட ஊர்களில் பாயில கிடக்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "எங்க நோகுது?" எண்டுதான்.