பினாங்கில் ட்ரோன் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க

தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிக் கிளம்புகிறது. சாலை முழுக்க மக்கள், வழியெங்கும் உடைபடும் தேங்காய்கள். 'இதை மேலேயிருந்து ஒரு படம் எடுத்தா எப்படி இருக்கும்!' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். இணையக் கடைகளில் சில நூறு ரிங்கிட்டுக்கே '4கே ட்ரோன்' கிடைக்கிறது. வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்க. பகுதிநேர வேலையில் சேர்த்த காசு வீணாகாமல் இருக்க, முதலில் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டியில் '4கே' என்று இருந்தால் போதுமா?

போதாது. பறக்கும்போது ட்ரோன் காற்றில் ஆடும். அந்த ஆட்டம் படத்தில் தெரியாமல் கேமராவை நிலையாகப் பிடித்திருப்பது 'கிம்பல்' என்ற கருவி. மிக மலிவான ட்ரோன்களில் பெரும்பாலும் இது இருக்காது. அவற்றில் சில, சிறிய படத்தை மென்பொருளால் பெரிதாக்கிவிட்டு 4கே என்று சொல்லிக்கொள்ளும். மூன்று அச்சு கிம்பல் உள்ள 2.7கே ட்ரோன், கிம்பலே இல்லாத '4கே' ட்ரோனைவிட நல்ல வீடியோ தரும்.

அடுத்து ஜிபிஎஸ். இது இருந்தால் கையை எடுத்தாலும் ட்ரோன் அதே இடத்தில் நிற்கும். சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்கே திரும்ப முயலும். இது இல்லைன்னா, கடல் காற்று எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போயிடும்.

எந்த மாதிரிகளைப் பார்க்கலாம்?

டிஜேஐ நிறுவனத்தின் மினி 4கே, மினி 2 எஸ்இ இரண்டும் 249 கிராமுக்குள் அடங்குபவை. இரண்டிலும் மூன்று அச்சு கிம்பலும் ஜிபிஎஸ்-ஸும் உண்டு. ஒரு பேட்டரிக்கு அதிகபட்சம் 31 நிமிடம் என்கிறது நிறுவனம். காற்றடிக்கும் நாளில் அதைவிடக் குறையும். அதே நிறுவனத்தின் நியோ 135 கிராம்தான். கையிலிருந்தே பறக்கவிடலாம். ஆனால் கிம்பல் ஒரே அச்சு, பறக்கும் நேரம் அதிகபட்சம் 18 நிமிடம். உங்களையே வீடியோ எடுக்க அது போதும். கடற்கரைக் காற்றில் நிலப்பரப்பைப் படமெடுக்க மினி வகைதான் மேல்.

மொத்தக் காசையும் ட்ரோனிலேயே போட்டுடாதீங்க. கூடுதல் பேட்டரி, மாற்று இறக்கைகள், வேகமான மெமரி கார்டு ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். பழைய ட்ரோன் வாங்கினால் பேட்டரி உப்பியிருக்கிறதா, பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று பாருங்கள். சிரிம் சான்று முத்திரை இருப்பதும் முக்கியம்.

249 கிராம்னா அனுமதி வேண்டாமா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். 250 கிராம் என்ற எல்லை, அமெரிக்கா போன்ற நாடுகளில் பொழுதுபோக்கு ட்ரோனைப் பதிவு செய்வது தொடர்பானது. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகளோ 20 கிலோ வரையிலான எல்லாவற்றையும் சிறிய ட்ரோன் என்றே வகைப்படுத்துகின்றன.

கேமரா உள்ள ட்ரோனுக்கு அனுமதி இல்லாவிட்டால் பொருந்தும் முக்கிய வரம்புகள் இவை:

• 400 அடிக்கு மேல் பறக்கக் கூடாது.
• சம்பந்தமில்லாத மனிதர், வாகனம், கட்டடம், படகு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.
• 1,000 பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு 150 மீட்டருக்குள் போகக் கூடாது.

ஜார்ஜ்டவுனின் கடைவீடுகள் நிறைந்த சந்துகளில் 50 மீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது? தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருக்கிறது; எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். கட்டுப்பாட்டில் உள்ள வான்வெளியில் பறக்கவிட சி.ஏ.ஏ.எம். எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. வான்வழிப் படப்பிடிப்புக்கு ஜூபெம் எனப்படும் நில அளவைத் துறையின் விதிகளையும் பார்க்க வேண்டும். விதியை மீறினால் தனிநபருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ட்ரோன் செயலியின் வரைபடத்தில் சிவப்பு தெரியவில்லை என்பது அனுமதி ஆகாது.

அப்போ ரதத்தை எப்படி எடுக்கிறது?

தைப்பூசக் கூட்டத்துக்கு மேல் உங்கள் ட்ரோன் வேண்டாம். பேட்டரி தீர்ந்தோ இறக்கை உடைந்தோ அது விழுந்தால், கீழே காவடி எடுப்பவரும் தோளில் குழந்தையை வைத்திருப்பவரும் இருப்பார்கள். நீண்ட கம்பில் கைபேசியையோ சிறிய கேமராவையோ பொருத்தித் தூக்கினாலே கூட்டத்துக்கு மேலிருந்து படம் கிடைக்கும். வழியில் தெரிந்தவர் வீட்டு மாடி இருந்தால் இன்னும் நல்லது.

அதனால் வாங்கும் முன், எங்கே பறக்கவிடப் போறீங்க என்று முடிவு செய்து, அந்த இடத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று சி.ஏ.ஏ.எம்-மில் கேளுங்கள். கிடைக்காது என்றால், இப்போதைக்கு அந்தக் கம்பே போதும்.