கோப்பைப் பூட்டியது யார்?

டெபியன் குடும்ப லினக்ஸில் மென்பொருள் நிறுவும்போது சில சமயம் "பூட்டைப் பெற முடியவில்லை" என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும். சென்னை சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பம்தான். உடனே பூட்டுக் கோப்பை அழித்துவிடுவது பலரின் வழக்கம். அது ஏன் ஆபத்து என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

ஆரம்பகால யுனிக்ஸில் பூட்டு என்பது வெறும் ஒரு கோப்புதான். கோப்பு இருந்தால் பூட்டியிருக்கிறது என்று பொருள். நிரல் பாதியில் செத்துப்போனால் பூட்டு மட்டும் அநாதையாகக் கிடக்கும். அப்போது அதை அழிப்பது சரியான வைத்தியம்.

1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி, எஃப்லாக் என்ற வசதியால் பூட்டைக் கெர்னலின் பொறுப்பில் விட்டது. சிஸ்டம் ஃபைவ் தரப்பில் எஃப்சிஎன்டிஎல் பூட்டு வந்தது. 1988-இன் பாசிக்ஸ் தரம் அதையே ஏற்றது. இனி நிரல் செத்தால் கெர்னலே பூட்டைத் திறந்துவிடும். ஆனால் புதுச் சிக்கல்: கோப்பைப் பார்த்தால் அது பூட்டியிருக்கிறதா என்றே தெரியாது.

லினக்ஸில் கெர்னல் தன்னிடமுள்ள பூட்டுகளை /ப்ராக்/லாக்ஸ் என்ற இடத்தில் காட்டுகிறது. அதில் கோப்பின் பெயர் இருக்காது, ஐநோடு எண்தான் இருக்கும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் விக்டர் ஏபெல் எழுதிய எல்எஸ்எல்கே இந்தப் பூட்டுகளைப் பட்டியலிட்டுக் காட்டியது. 2001-க்குப் பிறகு அதைப் பராமரிக்க ஆளில்லை. அதன் இடத்தை நிரப்ப டேவிட்லோர் புயெசோ எழுதிய எல்எஸ்லாக்ஸ், 2012-இல் யூடில்-லினக்ஸ் தொகுப்பில் சேர்ந்தது. நிரலின் பெயர், அதன் எண், பூட்டின் வகை, படிக்கவா எழுதவா, எந்தக் கோப்பு என எல்லாவற்றையும் ஒரே வரியில் தருகிறது. எழுதும் முறைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த நிரல் இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கெர்னல் பூட்டு ஐநோடைப் பிடித்திருக்கிறது, பெயரை அல்ல. கோப்பை அழித்தால் பழைய பூட்டு அப்படியே இருக்கும். அடுத்து வரும் நிரல் அதே பெயரில் புதுக் கோப்பை உண்டாக்கி, அதைத் தாராளமாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு நிரல்களும் ஒரே சமயத்தில் தொகுப்புகளின் தரவுத்தளத்தில் எழுத, அது சிதைந்துபோகலாம்.

எல்எஸ்லாக்ஸ் தரும் விடை எளிது: பூட்டின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள், அவர் வேலை முடியும்வரை பொறுங்கள். 1970-களின் வைத்தியம் இன்றைய நோய்க்கு உதவாது.